தொட்டதும் பிரிந்ததும்

உதகையில் ஜனவரி மாத நண்பகலில் இரும்புக் கதவின் தாழ்ப்பாளைத் தொடும் முன் ஒரு கணம் தயங்காதவர், இங்கே புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருப்பார். ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றும்போது கேட்கும் படபடப்பும், விளக்கை அணைத்துவிட்டுக் கழற்றினால் தெரியும் நீலப் பொறிகளும், பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து தண்ணீர்க் குழாயைத் தொட்டதும் விரல் நுனியில் சுரீரென்று இறங்கும் அதிர்ச்சியும் உறைபனிக் காலத்தில் இங்கே அன்றாடம் நடப்பவை. சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் வீட்டு வயரிங்கில் கோளாறு என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியோ, "உடம்புல சூடு ஏறிப்போச்சு கண்ணு, நல்லா தலைக்குக் குளி" என்பார். பாட்டியின் வைத்தியம், குளித்த ஈரம் உடம்பில் இருக்கும்வரை, பலிக்கவே செய்யும்.

காற்றில் ஈரம் குறைவதுதான் இதற்குக் காரணம் என்பது பலருக்கும் தெரியும். எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 4.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். உறைபனி விழுந்த விடியற்காலையின் அதே காற்று, புதிதாக ஈரம் எதையும் சேர்த்துக்கொள்ளாமல் நண்பகலில் 20 டிகிரிக்குச் சூடேறினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஈரமான ஊர்களில் எல்லாப் பொருள்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அதில் கரைந்திருக்கும் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், மின்னூட்டத்தைச் சத்தமில்லாமல் கசியவிட்டுவிடுகின்றன. இங்கே அந்தப் படலம் மெலிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கடல்மட்டத்தில் காற்று உடைந்து பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வேண்டும். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்காகிவிடுவதால், அதற்குக் குறைவான மின்னழுத்தத்திலேயே பொறி தாவிவிடும்.

இவையெல்லாம் மின்னூட்டம் ஏன் இங்கே தங்குகிறது, ஏன் எளிதில் பாய்கிறது என்பதற்கான விளக்கங்கள். அது முதலில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பள்ளியில் படித்தவர்கள் அனைவரும் ஒரே விடையைச் சொல்வார்கள்: உராய்வினால் வருகிறது. கண்ணாடித் தண்டைப் பட்டால் தேய்த்தோம், சீப்பைத் தலைமுடியில் தேய்த்தோம், காகிதத் துணுக்குகள் எழுந்து ஒட்டிக்கொண்டன, பாடம் முடிந்தது. எனக்கும் அந்த விடை பல காலம் போதுமானதாகத்தான் இருந்தது. அதைக் கலைத்தது ஒரு தேயிலைத் தொழிற்சாலை.

சார்ட்டிங் அறையில்

கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கணக்கு வேலையாகப் போயிருந்தபோது, தூளைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் அறையில் சற்று நேரம் நின்றேன். டிரையரிலிருந்து வந்த தேயிலைத்தூள் அதிரும் தட்டின்மேல் மெல்லிய அடுக்காக நகர்ந்துகொண்டிருந்தது. தட்டுக்குச் சற்று மேலே குறுக்காகச் சில பி.வி.சி. உருளைகள் சுழன்றுகொண்டிருந்தன, ஒவ்வோர் உருளையின் முதுகிலும் தடித்த கம்பளிப் பட்டை ஒன்று படிந்திருந்தது. தூள் உருளைக்குக் கீழே வந்ததும், அதில் கலந்திருந்த நார்களும் காம்புத் துணுக்குகளும் மட்டும் துள்ளி எழுந்து உருளையில் ஒட்டிக்கொண்டன. உருளை சுழன்றதும் மறுபுறம் வழிக்கப்பட்டுத் தனித் தொட்டியில் விழுந்தன. தேயிலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது சாதாரண இயந்திரம். பைபர் எடுக்கும் மிஷின் என்பார்கள். எனக்கோ, பள்ளிக்கூடத்துச் சீப்பும் காகிதமும் மூட்டை மூட்டையாகத் தேயிலையைச் சுத்தம் செய்துகொண்டிருப்பது பெரிய வேடிக்கையாக இருந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நார் மேலே எழுவதற்கு, அதற்குள் மின்னூட்டம் எதுவும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பி.வி.சி. உருளை எதிர்மின்னூட்டம் பெற்றிருக்கிறது. அதன் புலம் நாரின் மேல்பக்கத்தில் நேர்மின்னூட்டத்தையும் கீழ்ப்பக்கத்தில் எதிர்மின்னூட்டத்தையும் ஒதுக்கிவைக்கிறது. அருகில் இருக்கும் மேல்பக்கத்தின் கவர்ச்சி வென்றுவிடுகிறது. நாரிலும் காம்பிலும் தூளைவிடச் சற்றுக் கூடுதல் ஈரம் இருப்பதால் இந்த ஒதுக்கல் அவற்றில் எளிதாக நடக்கிறது. அவை எடை குறைந்தவை என்பதும் உதவுகிறது. இது தூண்டல். நான் பேச வந்தது அதற்கு முந்தைய நிகழ்ச்சியை, அதாவது கம்பளிப் பட்டையும் பி.வி.சி.யும் சந்திக்கும் இடத்தில் நடப்பதை.

அங்கிருந்த சூப்பர்வைசர் இந்த இயந்திரத்தோடு தலைநரைத்தவர். "மழைக்காலத்துல இது மக்கர் பண்ணும் சார். கதவைத் திறந்து வெச்சு மிஸ்ட் உள்ளே வந்துட்டா நார் எழும்பவே எழும்பாது. தூள் சூடா, காய்ஞ்சு வரணும்" என்றார். அது நான் எதிர்பார்த்ததுதான். "அப்படி இழுக்காத நாள்ல பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அழுத்தித் தேய்க்கவிட்டா சரியாயிடாதாண்ணா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் முதல்ல அதைத்தான் பண்ணுவாங்க சார். அழுத்தினா பட்டைதான் சீக்கிரம் தேயும், மோட்டார்தான் சூடாகும். இழுக்கிறது அப்படியேதான் இருக்கும். பட்டை உருளை முழுக்க ஒரே சீராப் படணும், அவ்வளவுதான்."

இந்தப் பதில் என்னை வீடு வரை பின்தொடர்ந்து வந்தது. உராய்வுதான் மின்னூட்டத்தை உண்டாக்குகிறது என்றால், உராய்வைக் கூட்டினால் மின்னூட்டமும் கூட வேண்டும். அவர் அனுபவத்தில் அது கூடவில்லை. ஆனால் தொடும் பரப்பு சீராக இருப்பது முக்கியமாக இருந்திருக்கிறது. இயற்பியலைப் பாடமாகப் படிக்காத ஒருவர் உராய்வையும் தொடுதலையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொன்ன பிறகு, பாடப்புத்தகத்தின் ஒற்றைச் சொல் விடையோடு நான் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

இழுத்துப் பிரித்த டேப்

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு செலோ டேப் போதும். ஒரு சாண் நீளத் துண்டை மேசைமேல் ஒட்டி, சட்டென்று இழுத்துப் பிரியுங்கள். அது கையை நோக்கியும் சுவரை நோக்கியும் வளைந்துபோய் ஒட்டப் பார்க்கும். அதேபோல் மேசையிலிருந்து பிரித்த இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால், ஒன்றையொன்று தள்ளும். மாறாக, ஒன்றின் முதுகில் மற்றொன்றை ஒட்டி, இரண்டையும் சேர்த்து மேசையிலிருந்து எடுத்து, பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தால் அவை ஒன்றையொன்று இழுக்கும். இதில் எங்கேயும் எதையும் தேய்க்கவில்லை. ஒட்டினோம், பிரித்தோம். மின்னூட்டம் கைமாறுவதற்குத் தொடுதலே போதும் என்பதற்கு இதைவிட மலிவான சாட்சி கிடைக்காது. குன்னூரின் குளிர்கால மதியத்தில் இதைச் செய்தால், துண்டுகள் காட்டும் பிடிவாதத்தைப் பார்த்துக் குழந்தைகள் மேசையை விட்டு நகர மாட்டார்கள்.

அப்படியானால் உராய்வுக்கு என்ன வேலை? வழவழப்பாகத் தெரியும் எந்தப் பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பொருள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சில மேட்டு முனைகள் மட்டுமே உண்மையில் தொட்டுக்கொள்கின்றன. தேய்க்கும்போது வெவ்வேறு முனைகள் மாறி மாறித் தொடுகின்றன. அதனால் மொத்தத் தொடுபரப்பு பெருகுகிறது. தேய்ப்பதில் வெப்பமும் சிதைவும் உண்டு, அவையும் தம் பங்கைச் சேர்க்கக்கூடும். ஆனாலும் அடிப்படை நிகழ்ச்சி தொடுதல்தான். செலோ டேப்பின் பசை எல்லா மேடுபள்ளங்களிலும் தானே படிந்துவிடுவதால் அதற்குத் தேய்ப்பே வேண்டியிருப்பதில்லை. சூப்பர்வைசர் சொன்ன ஒரே சீராகப் படும் பட்டையும் இதைத்தான் செய்கிறது.

அழுத்தினாலும் கூடாததற்குக் காரணம் காற்று. ஒரு சமதளப் பரப்பில் மின்னூட்டம் சேரச் சேர அதன் மேலுள்ள புலம் வளர்கிறது. மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டை எட்டியதும் காற்றே கடத்தியாகி, மிகுதியை வடித்துவிடுகிறது. அந்த உச்சவரம்பு சதுர மீட்டருக்குச் சுமார் 26 மைக்ரோகூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு). எலக்ட்ரான் கணக்கில் இது பெரிய எண்ணாகத் தோன்றினாலும், பரப்பில் இருக்கும் அணுக்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 60,000 அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான்தான் இடம் மாறியிருக்கும். உடைகளைப் படபடக்க வைப்பதும், தேயிலையிலிருந்து நாரைத் தூக்குவதும், அறுபதாயிரத்தில் ஒன்றின் இடப்பெயர்ச்சி.

இன்னொரு கணக்கு என்னை இதைவிட அதிகமாகப் பிடித்துக்கொண்டது. சதுர மீட்டருக்கு 10 மைக்ரோகூலும் என்ற அளவில் இரண்டு பரப்புகள் மின்னூட்டத்தைப் பரிமாறிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையே ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்கும்போது மின்னழுத்தம் ஒரு வோல்ட் சொச்சம்தான். டார்ச் செல்லைவிடக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் பிரிந்தால் 1,100 வோல்ட். ஒரு சென்டிமீட்டர் பிரிந்தால் 11,000 வோல்ட். மின்னூட்டம் துளியும் கூடவில்லை. கவர்ந்திழுக்கும் இரண்டு பரப்புகளை எதிர்த்துப் பிரித்த நம் கையின் உழைப்பே மின்னழுத்தமாகச் சேர்ந்துகொண்டு போகிறது. கிணற்றில் வாளியை இழுக்கும்போது தண்ணீர் அதே அளவுதான் என்றாலும் ஒவ்வொரு முழத்துக்கும் உழைப்பு சேர்வதைப் போன்றது இது. நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது ஒன்றுமே தெரியாமல், எழுந்து நின்றவுடன் குழாயில் அடி வாங்குவதன் விளக்கம் இதில் இருக்கிறது. கைமாற்றம் உட்கார்ந்திருக்கும்போதே நடந்துவிட்டது. எழுந்தது அதை வெளியே கொண்டுவந்தது, அவ்வளவே.

குழாயைத் தொடும்போது நடப்பது வேறு வகைத் தொடுதல். அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மின்னூட்டம், கடத்தும் பொருள்கள் இரண்டும் ஒரே மின்னழுத்தத்துக்கு வரும்வரை பங்கிடப்படுகிறது. ஒரே அளவுள்ள இரண்டு உலோக உருண்டைகள் தொட்டால் சரிபாதி. 1785-இல் இயற்பியலாளர் கூலும், மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை பற்றிய தம் விதியை நிறுவ இந்தச் சரிபாதியைத்தான் நம்பினார். பூமியைத் தொட்டால் எல்லாமே பூமிக்கு. மனித உடலின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன், சுமார் 100 பிக்கோபாரட். 10,000 வோல்ட்டில் அதில் இருப்பது ஒரு மைக்ரோகூலும், அதாவது ஆறு லட்சம் கோடி எலக்ட்ரான்கள். ஆற்றலோ 5 மில்லிஜூல்தான், ஆகவே வலிக்கும், ஆபத்தில்லை. சாவியையோ நாணயத்தையோ கையில் இறுகப் பிடித்து அதன் முனையால் குழாயைத் தொட்டால் பொறி அங்கே பறக்கும், விரல் தப்பிக்கும். இந்த வகைத் தொடுதலைப் பாடப்புத்தகங்கள் நன்றாகவே விளக்குகின்றன. மின்னூட்டமே இல்லாத இரண்டு பொருள்கள் தொட்டு, ஒன்று கடனாளியாகவும் மற்றது பணக்காரராகவும் பிரிவதைத்தான் அவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அப்படிக் கடந்துவிடுவதற்குக் காரணம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

கடந்து போவது எது

இரண்டு உலோகங்கள் தொட்டால் கதை எளிது. எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல் உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். குறைவாகப் பிடித்துவைத்திருக்கும் உலோகத்திலிருந்து இறுகப் பிடித்துவைக்கும் உலோகத்துக்கு எலக்ட்ரான்கள் போகும். ஆனால் கம்பளியும் பி.வி.சி.யும், ஸ்வெட்டரும் தலைமுடியும் காப்புப் பொருள்கள். அவற்றில் உலவும் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே எதன் இடமாற்றம் இது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒரு குரலில் பேசுவதில்லை. பரப்பின் குறைகளில் சிக்கியிருக்கும் எலக்ட்ரான்கள் போகின்றன என்பது ஒரு தரப்பு. பரப்பில் ஒட்டியிருக்கும் ஈரத்தின் அயனிகள் போகின்றன என்பது இன்னொன்று. பொருளே நுண்ணிய துணுக்குகளாகப் பிய்ந்து, மின்னூட்டத்தையும் சுமந்துகொண்டு எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்கிறது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவான சோதனைகள் உண்டு; சோடிக்குச் சோடி பங்கு மாறுகிறது என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

எந்தப் பொருள் எதன்முன் நேர்மின்னூட்டம் பெறும் என்ற வரிசையை 1757-இலேயே இயற்பியலாளர் வில்கே வெளியிட்டார். கண்ணாடி, முடி, நைலான், கம்பளி ஒரு முனையில், பி.வி.சி.யும் டெப்லானும் மறுமுனையில் என்று இன்றும் அப்படியொரு பட்டியல் புத்தகங்களில் அச்சாகிறது. ஆனால் ஓர் ஆய்வகத்தின் வரிசை இன்னொன்றின் வரிசையோடு முழுக்கப் பொருந்துவதில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, தொட்டுப் பிரிந்த பாலிமர்ப் பரப்புகளை நுண்ணளவில் படமெடுத்துப் பார்த்து, நேர்மின்னூட்டம் பெற்றதாக நாம் சொல்லும் பரப்பில்கூட நேரும் எதிரும் திட்டுத்திட்டாகக் கலந்திருப்பதைக் காட்டியது. நாம் அளப்பது அந்தத் திட்டுகளின் மொத்தக் கூட்டலில் மிஞ்சும் சிறு வேறுபாடு மட்டுமே. ஒரு பக்கம் மொத்தமாகக் கொடுத்தது, மறுபக்கம் மொத்தமாக வாங்கியது என்று வகுப்பில் வரைந்த படம் இதற்குப் பிறகு நிற்காது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2025-இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஆய்வு. ஒரே வகை சிலிகோன் ரப்பரில் செய்த ஒரே மாதிரித் துண்டுகளைத் தேய்க்காமல் திரும்பத் திரும்பத் தொடவைத்துப் பிரித்தார்கள். முதலில் மின்னூட்டத்தின் திசை தாறுமாறாக இருந்தது. பல தொடுதல்களுக்குப் பிறகு அவை தாமாகவே ஒரு வரிசைக்கு வந்தன: அதிகம் தொட்ட துண்டு, குறைவாகத் தொட்ட துண்டின்முன் எதிர்மின்னூட்டம் பெற்றது. தொடுதல் ஒவ்வொன்றும் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களைச் சற்றே மாற்றிவிடுகிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த தடயம். இதற்கு முன் எத்தனை முறை தொட்டிருக்கிறது என்பதைக் கேட்காமல் ஒரு பொருளை வரிசையில் எங்கேயும் உட்காரவைக்க முடியாது என்றால், இரண்டரை நூற்றாண்டுகளாகப் பட்டியல்கள் ஒத்துப்போகாததில் வியப்பென்ன இருக்கிறது?

முத்தோரைக்கு மேலே ஒரு மேகம்

இதே தொடுதல், மிகப் பெரிய அளவில், நம் தலைக்கு மேலேயே நடக்கிறது. இடிமேகத்துக்குள் காற்று மேல்நோக்கிப் பாயும்போது, மெல்லிய பனிப்படிகங்களும், உறைநிலைக்குக் கீழும் உறையாதிருக்கும் நீர்த்துளிகள் ஒட்டி உறைந்து உருண்ட பனிக்குருணைகளும் மோதிக்கொள்கின்றன. ஒரு மோதல் கண நேரத் தொடுதல்தான். அதில் கைமாறுவது சில பெம்டோகூலும், அதாவது சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள். பிறகு எடை குறைந்த படிகத்தை மேற்காற்று தூக்கிச் செல்கிறது, கனத்த குருணை கீழே தங்குகிறது. டேப்பைப் பிரித்த கையின் வேலையை இங்கே காற்றும் புவியீர்ப்பும் கிலோமீட்டர் கணக்கில் செய்கின்றன.

அந்த மின்னழுத்தம் எவ்வளவுக்கு உயரும் என்பதை அளந்து காட்டியது உதகையில் இருக்கும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம். மேகத்துக்குள் பலூன் அனுப்பினால் அது போகும் தடத்தை மட்டுமே அளக்கும். இங்கே இருப்பவர்கள் வானிலிருந்து ஓயாமல் பொழியும், மின்னூட்டம் கொண்ட மியூவான் என்னும் நுண்துகள்களின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். 2014 டிசம்பர் 1 அன்று வந்த இடிமேகம் ஒன்றின்போது, அந்த எண்ணிக்கை 18 நிமிடங்கள் குறைந்தது. அந்தக் குறைவிலிருந்து, மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணித்து 2019-இல் வெளியிட்டார்கள். இடிமேகங்களில் நூறு கோடி வோல்ட் வரை உருவாகலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1929-இல் சொன்னதற்கு முதல் நேரடி ஆதாரம் நம் மலையில் கிடைத்தது. உதகையை அடுத்த முத்தோரைப் பக்கம் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகளுக்கு இதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பனியும் பனியும் ஒரே பொருள். சிலிகோன் துண்டும் சிலிகோன் துண்டும் போல. ஆனாலும் மோதலில் ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்குகிறது. யார் கொடுப்பவர் என்பதும் நிலையாக இல்லை: கடுங்குளிரில் குருணை எதிர்மின்னூட்டம் பெறுகிறது, பெரும்பாலும் மைனஸ் 10-க்கும் மைனஸ் 20-க்கும் இடையே ஒரு வெப்பநிலையில், மேகத்தின் நீரளவைப் பொறுத்து, திசை மாறிவிடுகிறது. நீராவியை வேகமாகப் பெற்று வளரும் பரப்பே நேர்மின்னூட்டம் பெறுகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பனிக்கட்டியின் பரப்பில் உறைநிலைக்குக் கீழும் நீரைப் போன்ற ஒரு மெல்லிய அடுக்கு இருப்பதால், மோதும் அந்தக் கணத்தில் அந்த அடுக்கிலிருந்து கொஞ்சம் நீரே அயனிகளோடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடுகிறது என்று கருதுவோர் உண்டு. அது சரியென்றால், சார்ட்டிங் அறையில் இயந்திரத்தைக் கெடுக்கும் அதே ஈரம், மேகத்துக்குள் மின்னூட்டத்தைச் சுமந்து செல்லும் வேலையைப் பார்க்கிறது.